உடுக்கும் துணி எதுவென அறியும் உரிமை

பண்டிகைக் காலங்கள் நெருங்கும்போது யாழ்ப்பாணப் பெரியகடையிலும் நவீன சந்தைப் பகுதியிலும் புடைவைக் கடைகள் இரவு நெடுநேரம் வரை திறந்திருக்கும். தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் நோன்புப் பெருநாளுக்கும் ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் புத்தாடை எடுப்பது, எந்த நெருக்கடியிலும் குடாநாட்டு மக்கள் கைவிடாத வழக்கம். சுன்னாகம், சாவகச்சேரி, நெல்லியடி, பருத்தித்துறை என்று நகரங்கள் தோறும் இதே காட்சிதான். ஆனால், அக்கடைகளில் விலை கொடுத்து வாங்கும் சேலையோ, சாரமோ, சட்டைத் துணியோ எந்த இழையினால் நெய்யப்பட்டது என்பதை அறிந்து வாங்குபவர்கள் எத்தனை பேர்? அறிய விரும்பினாலும் அதற்கு வழி உண்டா?

இரண்டாவது வினாவே முக்கியமானது. ஒரு பிஸ்கட் பொதியை எடுத்துப் பார்த்தால் அதில் அடங்கியுள்ளவை, நிறை, விலை, உற்பத்தித் திகதி, உற்பத்தியாளரின் முகவரி ஆகிய யாவும் அச்சிடப்பட்டிருக்கின்றன. அதனைப் போல் பல மடங்கு விலை கொடுத்து வாங்கும் துணியில் பெரும்பாலும் இருப்பது ஒரு வணிகப் பெயரும் ஒரு விலைச் சீட்டும் மட்டுமே. சிலவற்றில் "நூறு வீதம் பருத்தி" என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் நான்கு எழுத்துக்கள் காணப்படலாம். அது மெய்யா பொய்யா என்பதற்குக் கடையில் நிற்கும் எவரும் பொறுப்பேற்பதில்லை. வினவினால், "எல்லாம் நல்ல சாமான்தான், நம்பி எடுங்கோ" என்பதே விடையாக வரும்.

முன்னொரு காலத்தில் அந்த வாய்ச்சொல் போதுமானதாக இருந்தது. மூன்று தலைமுறையாக ஒரே இடத்தில் வியாபாரம் செய்த கடைக்காரர், தமது வாடிக்கையாளரின் பெயரையும் ஊரையும் அறிந்தவர். அடுத்த கலியாணத்துக்கும் அதே குடும்பம் தம்மிடமே வரவேண்டும் என்ற எண்ணமே அவருடைய உத்தரவாதம். துணியைத் தொட்டும் நூலை முறுக்கியும் தரம் சொல்லக்கூடிய தையற்காரர்கள் அக்காலத்தில் பலர் இருந்தனர். 1990 ஒக்டோபர் இறுதியில் வடபுலத்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டபோது சோனகதெருவின் கடைகளோடும் தையல் இயந்திரங்களோடும் அந்தத் தேர்ச்சியின் ஒரு பகுதியும் குடாநாட்டை விட்டுச் சென்றது. அதன் பின்னர் வந்த பொருளாதாரத் தடைக் காலத்தில் தரம் பற்றிய பேச்சுக்கே இடமிருக்கவில்லை, கிடைத்ததை உடுத்தோம்.

2009 இல் போர் முடிவுக்கு வந்து ஏ-9 பாதை தடையின்றித் திறக்கப்பட்ட பின்னர் நிலைமை தலைகீழாயிற்று. புறக்கோட்டை மொத்த வியாபாரிகள் ஊடாக இந்தியத் துணியும் சீனத் துணியும் வெள்ளமாக வந்து சேர்ந்தன. நடைபாதையிலும் திருவிழாக் கடைகளிலும் ஆயத்த ஆடைகள் குவிந்தன. சுற்றுலா விசாவில் வந்து வீடு வீடாகச் சேலை விற்ற இந்திய வியாபாரிகள் கைது செய்யப்பட்ட செய்திகளை வாசகர்கள் பலமுறை படித்திருப்பர். தெரிவு பெருகியது, விலையும் பல வேளைகளில் குறைந்தது. அதனைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால், விற்பவர் யாரென்றும் அவர் நாளை எங்கிருப்பார் என்றும் தெரியாத சந்தையில் வாய்ச்சொல் உத்தரவாதம் ஆகாது. அந்த இடத்தை நிரப்ப வேண்டியது துணியோடு தைக்கப்பட்ட சுட்டுத்துண்டு, வழக்கில் நாம் லேபல் என்று சொல்லும் அந்தச் சிறு நாடா.

இங்கேதான் ஒரு வேடிக்கையான முரண்பாடு வெளிப்படுகின்றது. ஆனையிறவைத் தாண்டினால் கிளிநொச்சியில் 'மாஸ்' குழுமத்தின் ஆடைத் தொழிற்சாலைகள் இயங்குகின்றன. வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் இத்தகைய தொழிற்சாலைகள் உள்ளன. போரில் துணையை இழந்த பெண்கள் உட்பட ஆயிரக்கணக்கான வன்னிப் பெண்கள் வடபுலத்துத் தொழிற்சாலைகளில் வேலை செய்கின்றனர். ஐரோப்பியச் சந்தைக்குச் செல்லும் ஆடையின் உட்புறத்தில் அது எந்த நாரினால் ஆனது, அந்நார் எத்தனை வீதம் என்ற விபரங்களைக் கூறும் சுட்டுத்துண்டு தைக்கப்படுகின்றது. பல நாடுகளுக்குச் செல்லும் ஆடையாயின் அச்சுட்டுத்துண்டு ஒரு சிறு புத்தகத்தைப் போலப் பல பக்கங்கள் கொண்டிருக்கும். ஜேர்மன், பிரெஞ்சு, போலிஷ், கிரேக்கம் என்று மொழிகள் வரிசையாக நிற்கும். அந்தச் சுட்டுத்துண்டைத் தைத்துவிட்டு வீடு திரும்பும் பெண், தன் பிள்ளைக்குச் சந்தையில் வாங்கும் சட்டையில் தமிழில் ஒரு சொல்லைத்தானும் காண்பதரிது.

இதில் மற்றுமொரு கூத்தும் உண்டு. ஏற்றுமதிக்கென உற்பத்தி செய்யப்பட்டு, சிறு குறை காரணமாகவோ மேலதிகமாகவோ நின்றுவிட்ட ஆடைகள் உள்ளூர்ச் சந்தைக்கு வரும்போது அவற்றின் சுட்டுத்துண்டுகள் பெரும்பாலும் வெட்டப்பட்டிருக்கும். கழுத்துப் பகுதியில் கத்தரிக்கோலால் நறுக்கப்பட்ட அந்த அரைத் துண்டு நாடாவைக் காணாதவர் இந்நாட்டில் இருக்க முடியாது. தமது வணிகப் பெயருடன் குறைப்பொருள் விற்கப்படலாகாது என்பது வெளிநாட்டு நிறுவனங்களின் நிபந்தனை. அதில் நியாயம் உண்டு. ஆனால், வணிகப் பெயரோடு சேர்த்து நாரின் பெயரும், துவைக்கும் முறை பற்றிய குறிகளும் ஏன் வெட்டப்பட வேண்டும்? வெளிநாட்டு நுகர்வோரின் உரிமைக்காகத் தைக்கப்பட்ட தகவல், உள்ளூர் நுகர்வோரின் கைக்கு வருமுன் நீக்கப்படுகின்றது. மறைக்க வேண்டியது நிறுவனத்தின் பெயர் மட்டுமே. பக்கத் தையலில் இருக்கும் மற்றச் சுட்டுத்துண்டை விட்டுவைப்பதனால் எவருக்கும் நட்டமில்லை.

சட்டத்தில் இதற்கு இடமில்லையா என்றால், இடம் தாராளமாக உண்டு. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 10 ஆம் பிரிவு, எந்தவொரு பொருளுக்கும் சுட்டுத்துண்டிடல், விலை குறித்தல், பொதியிடல் தொடர்பாக உற்பத்தியாளருக்கும் வர்த்தகருக்கும் பணிப்புரை விடுக்கும் அதிகாரத்தை அதிகாரசபைக்கு வழங்குகின்றது. அவ்வாறு பணிப்புரை விடுக்கப்பட்ட பொருளிலிருந்து சுட்டுத்துண்டை நீக்குவதும், மாற்றுவதும், அழிப்பதும், நீக்கப்பட்ட பொருளை விற்பதும் 11 ஆம் பிரிவின்படி குற்றம். தவறாக வழிநடத்தும் வர்த்தக நடத்தையை 30 ஆம் பிரிவு தடை செய்கின்றது. பொருளின் தரம், சேர்மானம் பற்றிப் பொய்யுரைப்பது 31 ஆம் பிரிவின்கீழ் வருகின்றது. ஆக, புதிய சட்டம் இயற்றவோ பாராளுமன்றத்தில் பெரும்பான்மை திரட்டவோ தேவையில்லை. துணிக்கும் ஆடைக்கும் எவ்வெத் தகவல் எந்த மொழியில் எங்கே இருக்க வேண்டும் என்று திட்டவட்டமாக வரையறுத்து, அதனைக் கடைவரை நடைமுறைப்படுத்துவதே தேவை. அரிசிக்கும் சீனிக்கும் பருப்புக்கும் காட்டப்படும் கரிசனையில் நாலில் ஒரு பங்கு துணிக்குக் காட்டப்பட்டிருந்தால் குடாநாட்டுச் சந்தை இன்றைய நிலையில் இருந்திராது.

துணியில் மோசடி எவ்வாறு நடைபெறுகின்றது என்பதைச் சற்று விரிவாக நோக்குதல் தகும். பெரும்பாலான வேளைகளில் அது அப்பட்டமான பொய்யாக இருப்பதில்லை. சொற்களின் மயக்கமாகவே இருக்கின்றது. ஷிஃபோன், ஜோர்ஜெட், சற்றின், கிரேப் என்பன நாரின் பெயர்களல்ல. நெய்யும் முறையையும் துணியின் தோற்றத்தையும் குறிக்கும் பெயர்கள். பட்டிலும் ஜோர்ஜெட் நெய்யலாம், பொலியெஸ்டரிலும் நெய்யலாம். விலையில் பல மடங்கு வேறுபாடு. "ஆர்ட் சில்க்" என்பதில் உள்ள "ஆர்ட்" கலை அன்று. செயற்கை என்பதன் ஆங்கிலச் சொல்லினது சுருக்கம். "சொஃப்ட் சில்க்", "சில்க் கொட்டன்" என்று விற்கப்படும் சேலைகளில் பட்டு எத்தனை வீதம், பருத்தி எத்தனை வீதம் என்று கேட்டால் விற்பவருக்கே தெரியாது. அவருக்கு மொத்த வியாபாரி சொல்லவில்லை. மொத்த வியாபாரியிடம் எவரும் கேட்கவுமில்லை.

கூறைச் சேலை வாங்கும் பெற்றோருக்கு இது சிறிய விடயமன்று. இலட்சம் ரூபாவைத் தாண்டும் கூறைகள் இன்று சாதாரணமாகிவிட்டன. வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பும் பணமோ, சீட்டுப் பிடித்துச் சேர்த்த பணமோ, அடகு வைத்த நகையோ அதற்குள் இருக்கின்றது. சேலை பட்டுத்தானா, சரிகையில் வெள்ளி உண்டா, அல்லது செப்புக் கம்பிக்கும் பிளாஸ்டிக் இழைக்கும் முலாம் பூசப்பட்டதா என்பதற்கு எழுத்து மூலமான உறுதிப்பாடு எதுவும் இல்லாமலே கொடுக்கல் வாங்கல் முடிந்துவிடுகின்றது. காஞ்சிபுரம் என்ற பெயர் இந்தியாவில் 2005 முதல் புவிசார் குறியீடாகப் பதிவு பெற்றது. இந்திய மத்திய பட்டு வாரியத்தின் முன்முயற்சியில் 2004 இல் "சில்க் மார்க்" என்னும் முத்திரையும் அறிமுகமாயிற்று. கடலுக்கு அக்கரையில் நெசவாளருக்கும் நுகர்வோருக்கும் கிடைக்கும் அந்தப் பாதுகாப்பைப் பற்றி இக்கரையில் சேலை வாங்குவோருள் அறிந்தவர் சிலரே.

முஸ்லிம் வாசகர்களுக்கு இவ்விடயத்தில் வேறொரு பரிமாணமும் உண்டு. ஆண்கள் தூய பட்டு அணிவது இஸ்லாத்தில் விலக்கப்பட்டுள்ளது. பட்டும் வேறு நாரும் கலந்த துணியாயின், நிறையில் பட்டு மிகுந்ததா மற்றையது மிகுந்ததா என்பதை வைத்தே ஷாஃபிஈ மத்ஹபின் சட்ட நூல்கள் தீர்ப்புச் சொல்கின்றன. இலங்கை முஸ்லிம்களில் மிகப் பெரும்பாலோர் பின்பற்றுவது அம்மத்ஹபையே. நிறை வீதத்தில் நாரின் அளவைக் குறிக்க வேண்டும் என்று இன்றைய ஐரோப்பிய விதிகள் கூறுவதை, பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே மார்க்கச் சட்ட அறிஞர்கள் ஓர் அளவுகோலாகக் கொண்டிருந்தனர் என்பது கருதத்தக்கது. ஆனால், பெருநாளைக்கு வாங்கும் "சில்க்" ஷேர்ட்டில் அந்த வீதம் எழுதப்படாதவரை, பேணுதல் உள்ள ஒருவர் என்ன செய்வது? பொலியெஸ்டராகத்தான் இருக்கும் என்ற ஊகத்தில் அணிய வேண்டியதுதான். ஏமாற்றப்பட்டிருப்போம் என்ற நம்பிக்கையில் மார்க்கத்தைப் பேணும் நிலை இது.

அதேபோல, ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகளின்படி, ஆடையில் தோல், உரோமம், எலும்புப் பொத்தான் முதலிய விலங்குப் பகுதிகள் இருப்பின் அவை உண்டென்று சுட்டுத்துண்டில் கூற வேண்டும். எந்த விலங்கு என்று கூற வேண்டியதில்லை என்பது அவ்விதியின் குறை. எனினும், பன்றித் தோலைத் தவிர்க்கும் முஸ்லிமுக்கும் தோற்பொருளையே தவிர்க்கும் சைவருக்கும் கேள்வி எழுப்ப அது ஒரு தொடக்கப் புள்ளியையாவது தருகின்றது.

பணத்தையும் நம்பிக்கையையும் தாண்டி உயிர் பற்றிய விடயம் ஒன்றும் இதில் அடங்கியுள்ளது. 1990களில் மின்சாரமின்றி ஜாம் போத்தல் விளக்கில் இரவுகளைக் கழித்த குடாநாட்டுக்குத் தீயின் ஆபத்தைப் பற்றி எவரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. இலங்கை முழுவதிலும் மண்ணெண்ணெய்ப் போத்தல் விளக்கினால் விளைந்த தீக்காயங்களைக் கண்டு, கவிழ்ந்தாலும் எண்ணெய் சிந்தாத பாதுகாப்பான விளக்கை உருவாக்கிய அறுவைச் சிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புரவுக்கு 1998 இல் ரோலெக்ஸ் விருது வழங்கப்பட்டது. விளக்கைத் திருத்தியவர் அவர். அவ்விளக்கருகே உடுத்தியிருந்த துணியைப் பற்றி நாம் இன்னமும் பேசத் தொடங்கவில்லை. மெல்லிய பருத்தித் துணி விரைவாகத் தீப்பற்றும். நைலோனும் பொலியெஸ்டரும் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். இரண்டும் கலந்த துணியில் இரண்டு தீங்கும் சேரலாம். அடுப்படியில் நிற்கும் பெண்ணும், கார்த்திகை விளக்கீட்டன்று விளக்கேற்றும் சிறுமியும் உடுத்திருப்பது எது என்று தெரிந்திருப்பது மிகையான எதிர்பார்ப்பா? பிரித்தானியாவில் 1985 முதலே இரவு உடைகளுக்குத் தனி விதிகள் உள்ளன. குழந்தைகளின் உடை எரியுந்தன்மைப் பரிசோதனையில் தேற வேண்டும், வளர்ந்தோரின் உடையில் அது பற்றிய சுட்டுத்துண்டு நிலையாகத் தைக்கப்பட்டிருக்க வேண்டும்.

வெளியுலகில் இவ்விதிகள் புதியனவல்ல. அமெரிக்கா 1958 இலேயே புடைவை நார்களை இனங்காட்டும் சட்டத்தை இயற்றியது. 1970களின் தொடக்கத்தில் துவைக்கும் முறையைக் குறிப்பதும் அங்கு கட்டாயமாயிற்று. அச்சட்டம் ஏட்டுச் சுரைக்காயாகவும் இருக்கவில்லை. றேயோன் துணியை "மூங்கில் துணி" என்று விளம்பரப்படுத்தி விற்றதற்காக வோல்மார்ட், கோல்ஸ் ஆகிய இரு பெரும் நிறுவனங்களும் 2022 இல் மொத்தம் 55 இலட்சம் டொலர் தண்டம் செலுத்த இணங்கின. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1007/2011 இலக்க ஒழுங்குவிதி 2012 மே மாதம் முதல் நடைமுறையில் உள்ளது. "தூய", "நூறு வீதம்" ஆகிய சொற்களை ஒரே நாரினால் ஆன பொருளுக்கு மட்டுமே அது அனுமதிக்கின்றது. சுட்டுத்துண்டு, பொருள் விற்கப்படும் நாட்டின் ஆட்சிமொழியில் இருக்க வேண்டும் என்கின்றது. இந்தியா 1988 இல் புடைவைகளுக்கென்றே நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளைப் பிறப்பித்தது.

எமக்கு மிக நெருங்கிய உதாரணம் கனடாவாகும். ரொறன்ரோவிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினர் கொண்டுவரும் சட்டையின் உட்புறத்தைப் புரட்டிப் பாருங்கள். நாரின் பெயர் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் இருக்கும். கனடாவின் மொழிப் பிரச்சினை எளிதானதன்று. பிரிவினைக்காக இரண்டு முறை கியூபெக்கில் வாக்கெடுப்பு நடந்த நாடு அது. ஆயினும் சட்டையின் சுட்டுத்துண்டில் இரு மொழிக்கும் இடம் கிடைத்திருக்கின்றது. 1987 இன் 13 ஆவது திருத்தம் முதல் தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பில் எழுதி வைத்திருக்கும் நாட்டில், உணவுப் பொதிகளில் தமிழ் இடம்பெறுவது இன்று பெருமளவில் வழக்கமாகிவிட்டது. துணியில் மட்டும் அது ஏன் இல்லை? பருத்தி, பட்டு, கம்பளி, சணல் என்று அழகிய சொற்கள் தமிழில் உண்டு. பொலியெஸ்டர், விஸ்கோஸ் என்பவற்றை ஒலிபெயர்த்து எழுதினாலே போதும். மக்கள் அவற்றை அறிவர். அரச அறிவித்தற் பலகைகளில் நாம் அன்றாடம் காணும் பிழை மலிந்த தமிழைத் துணியிலும் காண நேராமல், சொற்பட்டியல் ஒன்றை முன்கூட்டியே தயாரித்து வெளியிடுவது நன்று.

எழுத வாசிக்கத் தெரியாதவர்களுக்கும் விளங்கக்கூடிய வழி ஒன்றும் ஏற்கெனவே உண்டு. நீர்த்தொட்டி, முக்கோணம், சதுரம், இஸ்திரிப் பெட்டி, வட்டம் என ஐந்து அடிப்படைக் குறிகளால் துவைத்தல், வெளிற்றுதல், உலர்த்துதல், இஸ்திரியிடுதல், தொழில்முறைச் சலவை ஆகியவற்றைக் காட்டும் முறை சர்வதேச நியமமாக உள்ளது. சுண்ணாம்புக் கற்பாறையிலிருந்து ஊறும் எமது கிணற்று வன்னீரில் சவர்க்காரம் நுரைப்பதே அரிது. அதனால் சலவைத் தூளை அள்ளிக் கொட்டித் துவைத்து, சித்திரை வெயிலில் காயவைத்து, இரண்டு மாதத்தில் நிறம் வெளிறிய பின்னர் கடைக்காரரை நோவது எமது வழக்கம். தவறு எப்போதும் துணியில் இருப்பதில்லை.

இனி, வர்த்தகர்களின் ஆட்சேபத்தையும் நோக்க வேண்டும். சிறிய கடைக்காரருக்கு இது மேலதிகச் செலவு. நார் எது என்று கண்டறிய அவரிடம் ஆய்வுகூடம் இல்லை. ஏற்கெனவே வரிச் சுமையாலும் விற்பனை வீழ்ச்சியாலும் தள்ளாடும் வியாபாரத்தின் மீது இன்னொரு சுமை என்பர். இவ்வாட்சேபம் முற்றிலும் பொய்யன்று. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சியில் மூடப்பட்ட கடைகளைக் கண்ட எவரும் அதனை அலட்சியம் செய்ய மாட்டார்.

ஆனால், கடைக்காரர் நாரைக் கண்டறிய வேண்டிய தேவையே இல்லை. அத்தகவல் ஏற்கெனவே இந்நாட்டில் எழுத்தில் இருக்கின்றது. எந்தத் துணியும் சுங்கத்தினூடாக வரும்போது அதற்கான இலக்கத்தை இறக்குமதியாளர் குறிப்பிட வேண்டும். உலக நாடுகள் பொதுவில் பின்பற்றும் அந்த வகைப்பாட்டில் பட்டு 50 ஆம் அத்தியாயத்திலும், கம்பளி 51 இலும், பருத்தி 52 இலும், செயற்கை இழைகள் 54, 55 இலும் இடம்பெறுகின்றன. கலப்புத் துணியாயின் நிறையில் எது மிகுந்ததோ அதன்படியே வகைப்படுத்த வேண்டும். ஆயத்த ஆடைகளிலும் பருத்தி ஷேர்ட்டுக்கு ஓர் இலக்கம், செயற்கை இழை ஷேர்ட்டுக்கு வேறோர் இலக்கம். ஆகவே, கொள்கலன் கொழும்புத் துறைமுகத்தில் இறங்கும்போது அதனுள் இருப்பது பருத்தியா பொலியெஸ்டரா என்பது இறக்குமதியாளருக்குத் தெரியும், சுங்கத்துக்குத் தெரியும், அரசுக்கும் தெரியும். புறக்கோட்டைக்கும் பெரியகடைக்கும் இடையில் எங்கோ அது தொலைந்துபோகின்றது. வரி அறவிடுவதற்குப் பயன்படும் தகவல் வாங்குபவருக்கு மட்டும் ஏன் எட்டக்கூடாது?

எனவே, பொறுப்பை முதலில் இறக்குமதியாளர் மீதும் பெரிய உற்பத்தியாளர் மீதும் சுமத்துவதே நியாயம். துணிச் சுருளின் அட்டையிலும் கரையிலும் நாரின் வீதத்தை அவர் குறிக்கட்டும். ஆயத்த ஆடையில் சுட்டுத்துண்டை அவர் தைக்கட்டும். சில்லறைக் கடைக்காரரின் கடமை, தமக்கு வந்த தகவலை மறைக்காமலும் மாற்றாமலும் வாங்குபவருக்குக் கொடுப்பது மட்டுமே. அளவெடுத்துத் தைக்கும் தையற்காரருக்கும், வீட்டில் சட்டை தைத்து விற்கும் பெண்ணுக்கும் விலக்களிக்க வேண்டும். ஐரோப்பிய விதிகளிலும் சொந்தமாக இயங்கும் தையற்காரர் தைத்துக் கொடுக்கும் அளவுடைக்கு விலக்கு உண்டு.

நேர்மையான வர்த்தகருக்கு இதனால் நன்மையே விளையும். தூய பருத்தியை உண்மையான விலைக்கு விற்பவர், அதே பெயரில் கலப்புத் துணியைப் பாதி விலைக்கு விற்பவரோடு இன்று போட்டியிட வேண்டியிருக்கின்றது. இந்த நட்டத்தை மிகக் கடுமையாக உணர்பவர்கள் எமது கைத்தறி நெசவாளர்கள். அம்பாறை மாவட்டத்தின் மருதமுனையில் முஸ்லிம் நெசவாளர்கள் தலைமுறை தலைமுறையாக நெய்துவரும் சாரமும் சேலையும் நாடெங்கும் பெயர் பெற்றவை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை அவ்வூரைச் சின்னாபின்னமாக்கிய பின்னரும் தறிகள் மீண்டும் ஓடின. கடலால் அழிக்க முடியாத அத்தொழிலை, விசைத்தறியில் நெய்த இறக்குமதித் துணி "கைத்தறி" என்ற பெயருடன் பக்கத்திலேயே அடுக்கப்படுவது மெல்ல மெல்ல அழிக்கின்றது. வட மாகாணத்தின் கைத்தறி நிலையங்களில் எஞ்சியிருக்கும் நெசவுப் பெண்களின் நிலையும் இதுவே.

இப்பிரதேசத்தின் புடைவை வரலாறு சிறிதன்று. ஒல்லாந்தரும் பின்னர் ஆங்கிலேயரும் அரசின் ஏகபோகமாக வைத்திருந்த சாயவேர், மன்னாரிலும் யாழ்ப்பாணத் தீவுகளிலும் தோண்டியெடுக்கப்பட்டுத் துணிக்குச் செந்நிறம் ஊட்டியது. பருத்தித்துறை என்ற ஊர்ப்பெயரே பருத்தி ஏறி இறங்கிய துறையை நினைவூட்டுகின்றது. முஸ்லிம்களும் தமிழரும் ஒருசேர உடுக்கும் பாளையகாட் சாரம், தமிழ்நாட்டுக் கரையிலுள்ள பழவேற்காட்டின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. துறைமுகத்தின் பெயரே தரத்தின் அடையாளமாக இருந்த காலம் அது. இன்று பாளையகாட் என்று அச்சிட்ட தாள் எந்தத் துணியிலும் ஒட்டப்படலாம்.

இந்தியா 2006 இல் கைத்தறி முத்திரையை அறிமுகப்படுத்தியது. இங்கும் 2022 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தின் மூலம் புவிசார் குறியீடுகளைப் பதிவு செய்வதற்கு வழி வகுக்கப்பட்டுள்ளது. அதே ஆண்டில் இலங்கைக் கறுவாவுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் புவிசார் பாதுகாப்புக் கிடைத்தது. கறுவாவுக்குக் காட்டிய முயற்சியை மருதமுனைக் கைத்தறிக்கும் காட்டுமாறு கிழக்கின் மக்கள் பிரதிநிதிகள் கேட்க வேண்டும். தமிழ், முஸ்லிம் அரசியல்வாதிகள் ஒரே மேடையில் நின்று கோரக்கூடிய, எவருக்கும் எவரோடும் பிணக்கில்லாத கோரிக்கைகளில் இதுவும் ஒன்று. அத்தகைய கோரிக்கைகள் எம்மிடையே அதிகம் இல்லை.

விதியை எழுதுவதோடு வேலை முடியாது என்பதும் அறிந்ததே. இரத்மலானையிலுள்ள இலங்கை புடைவை மற்றும் ஆடை நிறுவகம், இலங்கை கட்டளைகள் நிறுவனம் போன்ற பரிசோதனை வசதிகள் கொழும்பை அண்டியே உள்ளன. யாழ்ப்பாணத்தில் ஒரு சேலை பற்றி முறைப்பாடு வந்தால் அதனை அங்கு அனுப்பி அறிக்கை பெறுவதற்குள் வாங்கியவர் சலித்துவிடுவார். நாரை இனங்காண்பதற்கான அடிப்படைச் சோதனைகள் பல, நுணுக்குக்காட்டியையும் சில இரசாயனப் பொருட்களையும் கொண்டே செய்யத்தக்கவை. யாழ். பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தின் ஆய்வுகூடத்தைக் கட்டண அடிப்படையில் இதற்குப் பயன்படுத்துவது பற்றி மாவட்டச் செயலகம் ஆராயலாம். அதுவரை, எமது பாட்டிமார் அறிந்திருந்த சோதனை ஒன்று உண்டு. துணியின் ஓரத்தில் ஓர் இழையை உருவி எரித்தால் பருத்தி கடதாசி மணத்தோடு எரிந்து மென்மையான சாம்பலாகும். பட்டு, மயிர் கருகும் நாற்றத்தைத் தரும். பொலியெஸ்டர் உருகிக் கடினமான மணியாகும். கலப்புத் துணியில் இச்சோதனை ஏமாற்றக்கூடும் என்பதையும் சொல்லியாக வேண்டும்; அதனாற்றான் எழுத்தில் வேண்டும் என்கின்றோம்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் பணிப்புரை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அதே 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கேட்டால் பற்றுச்சீட்டு வழங்க வேண்டியது வர்த்தகரின் கடமை. கூறையோ, விலை உயர்ந்த சாரமோ, பெருநாள் உடையோ வாங்குபவர்கள், "தூய பட்டு", "நூறு வீதம் பருத்தி" என்று வாயால் சொல்லப்பட்டதை அப்பற்றுச்சீட்டிலேயே எழுதித் தருமாறு கேட்கலாம். எழுதப்பட்டால் அது உத்தரவாதமாகும். பொருள் அதற்கு மாறாக இருப்பின், வாங்கிய மூன்று மாதங்களுக்குள் அதிகாரசபைக்கு எழுத்து மூலம் முறையிடலாம். 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் ஆலோசனையும் பெறலாம். எழுதித் தர மறுக்கும் கடையில் அந்தத் துணியை வாங்குவதா இல்லையா என்பதை வாங்குபவரே தீர்மானிக்கட்டும்.